இறையும் கணக்கும்

யானை ஒன்றிற்கு உணவிடும் வழிகள் இரண்டு. ஒரு மாவிற்கும் குறைந்த சிறு நிலத்தில் விளைந்த நெல்லை அறுத்து, அரிசியாக்கிச் சமைத்து, கவளங்கவளமாக ஊட்டுவது ஒரு வழி. அங்ஙனம் ஊட்டின், அச்சிறு நிலத்தின் விளைவே அதற்குப் பல நாட்களுக்குப் போதும். வயலிலே புகுந்து தானே தின்னும்படி யானையை விட்டுவிடுவது மற்றொரு வழி. அங்ஙனம் விட்டால் நூறு வயல்கள் இருப்பினும் போதா. அதன் வாயிற் புகுவதினும் காலில் மிதிபட்டு அழிவதே மிகும். யானையின் வயிறும் நிரம்பாது. உழவனின் களமும் நிரம்பாது.

ஆள்வோர் குடிகளிடம் வரி பெறும் முறைக்கு இவ்வுவமையைக் காட்டியவர் பிசிராந்தையார் என்னும் சங்கப் புலவர். கோப்பெருஞ்சோழனைக் காணாமலே அவனொடு நட்புப் பூண்டு, அவன் வடக்கிருந்தபோது தாமும் சென்று உயிர்துறந்தவர் என்று நட்பிற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் புலவரே இவர். பாண்டியன் அறிவுடைநம்பியை நோக்கி இவர் பாடியது புறநானூற்றில் 184ஆம் பாட்டாக உள்ளது. அரசனின் செவியில் அறிவுரை புகுமாறு சொல்லுதலின், இத்தகைய பாட்டின் துறையைச் செவியறிவுறூஉ என்பர். வரி கொள்ளும் நெறியை அறிந்த அரசனுக்கு நாடு கோடிப் பொருளை ஈட்டித் தந்து தானும் தழைக்கும் என்கிறார் புலவர். அறிவு குன்றி, தரம் அறியாத சுற்றத்தாரின் ஆரவாரத்திற்குச் செவிசாய்த்து, குடிகளின் அன்பு கெடுமாறு பறிக்கும் அரசனோ தானும் பயன்பெறாமல் தன் நாட்டையும் அழித்துவிடுவான் என்று எச்சரிக்கின்றார்.

இங்கே சுற்றத்தாரைப் புலவர் சேர்த்துக் கூறியது எண்ணத்தக்கது. யானைக்குக் கால்கள் நான்கே. ஆட்சிக்கோ ஆயிரம் கால்கள் உண்டு. குடிக்கும் கருவூலத்திற்கும் இடையே நின்று கைந்நீட்டும் ஒவ்வொருவனும் ஒரு கால்.

யானைக்கு உணவே வேண்டா என்று பிசிராந்தையார் கூறினாரல்லர். வரி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே முகஞ்சுளித்தல் பலர்க்கு இயல்பாகிவிட்டது. ஆயினும் நாம் நடக்கும் சாலை, குடிக்கும் குழாய்நீர், நோயுற்றபோது நாடும் அரசு மருத்துவமனை, களவு போனால் முறையிடும் காவல் நிலையம், வழக்குத் தீர்க்கும் நீதிமன்றம், நீங்கள் அமர்ந்து படிக்கும் வகுப்பறை ஆகிய இவற்றுள் எதனையும் ஒரு குடும்பம் தன் கைப்பொருளைக் கொண்டு ஆக்கிக்கொள்ளல் அரிது. செல்வன் ஒருவன் தன் வீட்டு முற்றத்தில் கிணறு வெட்டிக்கொள்ளலாம். ஊருக்கு வேண்டும் ஏரியை அவன் ஒருவனே வெட்டல் எளிதன்று. வெட்டினாலும், தான் விரும்பிய வயலுக்கே மதகைத் திறப்பான். எல்லாருக்கும் உரியதாக ஒன்று இருக்க வேண்டுமாயின், அதற்கு எல்லாரும் கொடுக்கவும் வேண்டும். அதனை எல்லார் சார்பாகவும் காப்பவர் ஒருவர் இருக்கவும் வேண்டும்.

பழந்தமிழில் வரிக்கு இறை என்பது பெயர். இறுத்தல் என்றால் செலுத்துதல், செலுத்தப்படுவது இறையாயிற்று. அரசனையும் இறை என்றே நம் முன்னோர் வழங்கினர். நிலத்து விளைவில் ஆறில் ஒரு பங்கு அரசனுக்கு உரியது என்பது பண்டை நூல்கள் பேசும் அளவு. துறைமுகத்தில் ஏறியிறங்கும் பண்டங்களுக்குப் பெறும் சுங்கத்தை உல்கு என்றனர். காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்க அலுவலர்கள் மலைபோற் குவிந்த மூட்டைகளின்மேல் சோழனின் புலிச்சின்னத்தைப் பொறித்து, கதிரவனின் தேர்க்குதிரைகளைப் போல ஓய்வின்றி உழைத்தனர் எனப் பட்டினப்பாலை கூறுகிறது. இவர்களைப் புலவர் பாராட்டியிருத்தலை நோக்கின், வரி தண்டும் தொழிலையே பழிப்பது நம் மரபன்று என்பது விளங்கும்.

திருவள்ளுவர் அரசின் பொருட்டொழிலை நான்காகப் பகுத்து 385ஆம் குறளில் வைத்தார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல் முதலாவது. வந்தவற்றைத் தொகுத்தல் இரண்டாவது. தொகுத்ததைக் காத்தல் மூன்றாவது. காத்ததைத் தக்கவற்றிற்கு வகுத்துச் செலவிடுதல் நான்காவது. வரி வாங்குதல் இவற்றுள் இரண்டாவதன்கண் அடங்கும் ஒரு பகுதியே. அதற்கு முன்னே ஒரு கடமையும் பின்னே இரு கடமைகளும் நிற்கின்றன. ஏரியைத் தூர் வாராமல் நிலவரியை மட்டும் கேட்கும் ஆட்சி, முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியில் ஏற முயல்வது போன்றது. முறைதவறிப் பொருள் கேட்கும் வேந்தனை, வழிப்போக்கரை வேலைக் காட்டி மிரட்டும் கள்வனொடு அவர் ஒப்பிட்டதும் இதனாலேயே. கள்வனும் பொருள் வாங்குகிறான். வாங்கியதற்கு ஈடாக ஒன்றையும் செய்வதில்லை. யாருக்கும் கணக்குக் காட்டுவதும் இல்லை.

புறநானூற்றிலே இன்னும் இரண்டு பாட்டுகளை இவ்விடத்தே நினைத்தல் தகும். ஒன்று, வெள்ளைக்குடி நாகனார் பாடிய 35ஆம் பாட்டு. நாகனார் தம் நிலத்திற்குச் செலுத்த வேண்டிய வரி பாக்கியாக நின்றுவிட்டது. அவர் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் சென்றார். அவனுடைய வெண்கொற்றக்குடை வெயிலைத் தடுப்பதற்காக எடுக்கப்பட்டதா என வினவி, துயருற்ற குடிகளுக்கு நிழலாவதற்கே அஃது எடுக்கப்பட்டது என்று தாமே விடையும் கூறினார். படை ஈட்டும் வெற்றியும் உழுசாலில் விளைந்ததன் பயனே என்றார். மழை பொய்த்தாலும் விளைச்சல் சுருங்கினாலும் உலகம் அரசனையே பழிக்கும் என்றும் நினைவூட்டினார். பாட்டின் கீழுள்ள பழங்குறிப்பு, அவர் பழைய நிலக்கடன் நீக்கப்பெற்றார் என்று தெரிவிக்கின்றது. பொன்னும் யானையும் பரிசிலாகப் பெறப் பாடிய புலவர் பலர். வரித்தள்ளுபடி பெறப் பாடிய புலவர் இவர்.

மற்றொன்று, குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் கூறிய 18ஆம் பாட்டு. மறுமைச் செல்வமும் பிறரை வெல்லும் ஆற்றலும் நிலைத்த புகழும் வேண்டுமாயின் என் செய்ய வேண்டும் என்று அவர் கூறும் விடை வியப்பிற்குரியது. வேள்வி செய்க என்றிலர்; கோட்டை கட்டுக என்றிலர். பள்ளமான நிலங்களைக் கண்டு கரை கோலி, ஓடும் நீரைத் தேக்குக என்றார். பசித்த உடம்பிற்கு உணவளிப்பவர் உயிரையே அளித்தவராவர்; உணவோ நீரும் நிலமும் கூடிப் பிறப்பது; ஆகவே நீரை நிலத்தொடு சேர்ப்பவர் உடம்பையும் உயிரையும் படைத்தவராவர் என்பது அவர் வாதம். பொதுப்பணத்தை எதில் முதலிற் செலவிடல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை. ஒரு புலவர் வாங்கும் அளவை உணர்த்தினார். ஒருவர் வாங்காது விட வேண்டிய காலத்தை உணர்த்தினார். இவர் செலவிட வேண்டிய இடத்தைக் காட்டினார்.

வடமொழிக் கவியாகிய காளிதாசரும் இரகுவமிசத்தில் திலீப மன்னனின் வரியைக் கதிரவனுக்கு ஒப்பிட்டார். கதிரவன் கடலிலும் குளத்திலும் நீரை முகப்பது ஆயிரம் மடங்காக மழை பொழிதற்பொருட்டே என்பது அவர் கருத்து. அழகிய உவமைதான். ஆனால் முகந்த நீர் எவ்வளவு, பொழிந்த மழை எவ்வளவு என்று கதிரவனை எவரும் கேட்பதில்லை. கேட்கவும் இயலாது. ஆள்பவரைக் கேட்கலாம், கேட்டல் வேண்டும். அரசன் நல்லவனாயின் நாடு வாழும், தீயவனாயின் கெடும் என்ற நிலையிலேயே நின்றுவிடாமல், கேட்பதற்கென ஒரு முறையை வகுத்துக் கல்லில் வெட்டிவைத்த ஊர் ஒன்று நம் நாட்டில் உண்டு.

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்தரமேரூரே அவ்வூர். அங்குள்ள வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, எழுத்தறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தனர். ஏரியைக் காக்க ஏரிவாரியம், தோட்டங்களைக் காக்கத் தோட்டவாரியம், பொன்னின் மாற்றுப் பார்க்கப் பொன்வாரியம், ஊர்ப்பொதுக் காரியங்களுக்கு ஆண்டுவாரியம் எனப் பல வாரியங்கள் இருந்தன.

குடவோலையைப் பற்றிப் பலரும் வியந்து பேசுவர். எமக்கு அதனினும் வியப்பளிப்பது, யாருடைய பெயரை ஓலையில் எழுதலாகாது என்று அக்கல்வெட்டுக் கூறும் பகுதியாகும். அப்பட்டியலில் முன் நிற்பவர், முன்னர் ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது விட்டவர். அவர் மட்டும் அல்லர். அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியிழப்பர். கணக்குக் காட்டாதவன் தன் மகனையோ தம்பியையோ நிறுத்திப் பின்வழியாகப் புகாதிருக்கும்பொருட்டு உறவுமுறைகளை ஒன்றன்பின் ஒன்றாக எண்ணி எழுதிவைத்தனர். பிறர்பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். அணிமையில் மூன்று ஆண்டுகளுக்குள் வாரியஞ் செய்தவரும் மீண்டும் வரலாகாது. கணக்கெழுதுபவருக்கும் விதி உண்டு. தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்ட வேண்டும்; அதனை முடித்துக் கொடுக்க வேறொருவர் புகுதல் கூடாது. ‘அது முன்பிருந்தவர் எழுதியது’ என்று நழுவுவதற்கு இடமே இல்லை.

இவ்வூர்ச் சபையை அளவுக்குமேற் புகழ்தலும் உண்மையன்று. அஃது அந்தணர்க்குக் கொடுக்கப்பட்ட ஊர். உறுப்பினராதற்கு வேதப் பயிற்சியும், காற்பங்கு வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயதும் வேண்டும். நிலத்தில் இறங்கி உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் அச்சபையில் இடம் இருந்ததில்லை. எனினும், பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்னும் விதி அங்கே எழுதப்பட்டது. பிற்காலத்தில் விரிந்தது உரிமை பெற்றோரின் வட்டமே; விதி பழையதுதான்.

அவ்விதி தளர்ந்த காலங்களும் வந்தன. விசயநகர ஆட்சியில் அலுவலர்களும் நிலக்கிழார்களும் வரிமேல் வரி விதித்துக் குடிகளை வருத்தினர். 1429ஆம் ஆண்டளவில் வலங்கை, இடங்கை என்று பிரிந்து நின்ற மக்கள் தம் பூசலை விடுத்து ஒன்றுகூடி, இன்ன நிலத்திற்கு இவ்வளவே தருவோம் என்று தாமே முடிவு செய்து கல்வெட்டிலும் பொறித்தனர். யானையை வயலிலிருந்து வெளியேற்ற உழவரே முனைந்த காலம் அது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கொடுமை வேறு உருவங் கொண்டது. வரி பெரிதாக இருந்தால்தான் கொடியது என்பதில்லை. உப்பின்மீது விதித்த வரி பார்வைக்குச் சிறியது. ஆனால் மாளிகையில் வாழ்பவனும் குடிசையில் வாழ்பவனும் ஏறக்குறைய ஒரே அளவு உப்பையே உண்கின்றனர். கஞ்சியைத் தவிர வேறறியாத கூலியாளின் கலயத்தில் உப்பைத் தவிர விலை கொடுத்து வாங்கிய பொருள் ஒன்றும் இராது. ஆகவே அவ்வரி செல்வனுக்குத் தூசியாகவும் வறியவனுக்குச் சுமையாகவும் இருந்தது. ஆற்றலுக்கேற்ற சுமை என்னும் முறை அங்கே தலைகீழாயிற்று. 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த அதே மாதத்தில், இராசாசி தலைமையில் தொண்டர்கள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரணியத்திற்கு நடந்து சென்று உப்பெடுத்துச் சிறை புகுந்தனர். ஒரு பிடி உப்பிற்காக இத்துணைப் பேர் சிறைசெல்வரோ என்று அன்று நகைத்தவரும் உண்டு. அவர்கள் சிறை சென்றது உப்பிற்காக மட்டும் அன்று. தம் இசைவின்றி விதித்து, தம்மைக் கேளாமற் செலவிடும் வரியை மறுத்தற்காகவும் சென்றனர். இந்நாட்டில் தண்டிய பணம் இந்நாட்டிற்கே திரும்பி வாராமல் கடல் கடந்து போவதைத் தாதாபாய் நவுரோசி பல ஆண்டுகள் முன்பே ஆராய்ந்து எழுதியிருந்தார். மழை வேற்றுநாட்டில் பெய்யுமாயின், இங்கே கடல் வற்றுவதன்றி வேறு பயன் என்ன? உப்புவரி 1947இல் நீக்கப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழித்து 2017இல் சரக்கு சேவை வரி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும் உப்பை வரியின்றியே விட்டனர்.

விடுதலை பெற்ற நாடு தன் அரசமைப்புச் சட்டத்தை 1950இல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. அதன் 265ஆம் பிரிவு ஒரே வாக்கியத்தால் ஆனது. சட்டத்தின் அதிகாரமின்றி எவ்வரியும் விதித்தலும் தண்டுதலும் கூடா என்பதே அதன் பொருள். அமைச்சரோ அலுவலரோ தம் விருப்பத்தால் ஒரு காசும் வரியாகக் கேட்டல் இயலாது. மக்கள் தேர்ந்தனுப்பிய மன்றம் இசைய வேண்டும். வாங்கிய பணத்தை எடுப்பதற்கும் அம்மன்றத்தின் இசைவு வேண்டும். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டம் மன்றத்தில் வைக்கப்படுவது இதன்பொருட்டே. செலவிட்டு முடிந்தபின், அரசுக்கு அடங்காத தலைமைக் கணக்குத் தணிக்கையர் கணக்குகளை ஆராய்ந்து அறிக்கை தருகிறார். அவ்வறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு துருவி ஆராய்கின்றது. மக்களவையில் அக்குழுவிற்கு எதிர்க்கட்சியைச் சார்ந்த ஒருவரே தலைவராதல் 1967 முதல் மரபாக உள்ளது. கணக்கைக் காட்டுபவனும் கணக்கைப் பார்ப்பவனும் ஒருவனாதல் கூடாது என்னும் எளிய அறிவே இதற்கு அடிப்படை.

வரியில் இருவகை உண்டு. வருமானத்தின்மீது நேரே விதிப்பது ஒன்று. அங்கே வருவாய் உயர உயர விழுக்காடும் உயர்கின்றது. குறைந்த வருவாயினர் செலுத்த வேண்டுவதில்லை. பொருளின் விலையொடு சேர்ந்து வருவது மற்றொன்று. ‘நான் வரி கட்டுவதில்லை’ என்று எண்ணும் மாணவனும் எழுதுகோல் வாங்குகையில் இவ்வகை வரியைச் செலுத்துகின்றான். இங்கே வாங்குபவர் செல்வரோ வறியரோ என்று கடை பார்ப்பதில்லை. ஆதலால் எளியவர் நாடும் பொருள்களுக்குக் குறைத்தும், ஆடம்பரப் பொருள்களுக்கு மிகுத்தும் விதித்தல் முறை. இதில் ஒரு களவும் நிகழ்வதுண்டு. விலைப்பட்டியல் எழுதித் தராத வணிகன், நம்மிடம் பெற்ற வரியை அரசுக்குச் செலுத்தாது தன் பெட்டியிலேயே வைத்துக்கொள்ளக் கூடும். பட்டியலைக் கேட்டுப் பெறாமல் நாம் வாளாவிருந்தால் நாமும் அதற்குத் துணைபோனவராவோம். இடைநின்று கைந்நீட்டுபவர் அரசு அலுவலரிடையே மட்டும் இருப்பர் என்று எண்ணற்க.

இனி, பொதுப்பணம் எதற்குச் செல்லலாம் என்னும் வினா எத்துணைக் கூர்மையானது என்பதைப் பள்ளி உணவின் வரலாறு காட்டும். 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் சர். பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகள் பசியால் வாடுதலையும், பள்ளிக்கு வாராது நிற்றலையும் கண்டு, நாள் ஒன்றுக்குத் தலைக்கு ஓர் அணாவிற்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்க மாநகராட்சி முடிவு செய்தது. பிள்ளைகள் வரத் தொடங்கினர். ஆனால், தொடக்கக் கல்விக்குரிய நிதியிலிருந்து உணவிற்குச் செலவிடுதலை அன்றைய அரசு ஏற்கவில்லை. 1925இல் சிற்றுண்டி நின்றது. கணக்கு விதி காக்கப்பட்டது. பிள்ளைகளின் வயிறு காய்ந்தது. கல்விக்கான பணத்தை உணவிற்குச் செலவிடலாமா என்று கேட்டவர்களைக் குறைகூறல் எளிது. அவ்வினா கேட்கத்தக்கதே. பசித்தவனுக்குப் பாடம் ஏறாது, ஆதலால் உணவும் கல்விச்செலவே என்னும் விடையைத்தான் அவர்கள் காணவில்லை.

அவ்விடையைப் பிற்காலத்தார் கண்டனர். 1956ஆம் ஆண்டு முதலமைச்சர் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு அதனை ஊர்தோறும் பரப்ப உழைத்தார். அரசின் பணத்தொடு ஊராரின் நெல்லும் காய்கறியும் விறகும் சேர்ந்தன. இத்துணைச் செலவை மாநிலம் தாங்குமோ என்ற ஐயம் அப்போதும் எழுந்தது. 1982இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோதும் அதே ஐயம் எழுந்தது. 2022இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையுணவும் சேர்க்கப்பட்டது. ஐயம் எழுப்பியவர் எல்லாரும் ஏழைகளுக்குப் பகைவர் அல்லர். வரவறிந்து செலவிட வேண்டும் என்று சொல்பவர் ஒவ்வோர் ஆட்சிக்கும் வேண்டும். அணை கட்டக் கடன் வாங்கினால் அணை நின்று பயன் தரும். மேட்டூர் அணை 1934இல் முடிந்து, இன்றும் காவிரிப் படுகைக்கு நீர் தருகின்றது. அன்றாடச் செலவிற்கும் வீண் விழாவிற்கும் கடன் வாங்கினாலோ பிற்காலத்துப் பிள்ளைகள் வட்டி கட்டுவர். பிள்ளையின் வயிற்றிலிட்ட சோறு எவ்வகையைச் சார்ந்தது என்று கேட்பின், அதனை அணையொடு சேர்த்து எண்ணுதலே சரியென எமக்குத் தோன்றுகிறது. ஆயினும் அச்சோற்றிற்கும் அரிசிக்கணக்கு உண்டு. நூறு பிள்ளைகள் உண்ட நாளில் நூற்றைம்பது பேர் உண்டதாக எழுதினால், திட்டம் எத்துணை நல்லதாயினும் அங்கே யானை புகுந்துவிட்டது.

பெரிய மன்றங்களின் கணக்கு நமக்குத் தொலைவில் உள்ளது. ஊரின் கணக்கோ கைக்கெட்டும் அணிமையில் உள்ளது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுதல் வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர். வேதப் பயிற்சியோ நிலமோ தேவையில்லை. ஊராட்சியின் வரவுசெலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே வைக்கப்படல் வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தால், எந்த அலுவலகத்திலும் விண்ணப்பித்து முப்பது நாட்களுக்குள் விடை பெறவும் குடிமகனுக்கு உரிமை உண்டு. பல ஊர்களில் கிராம சபை, வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுக் கலையும் கூட்டமாகவே முடிகின்றது என்பதையும் மறைத்தற்கில்லை.

யாம் ஆசிரியப் பணி செய்த ஓர் ஊரில் ஊராட்சிப் பொறுப்பிலிருந்த சிற்றேரி ஒன்றன் மதகைப் புதுப்பித்தனர். கோடையில் கட்டிய மதகு ஐப்பசி மழையில் இடிந்தது; கீழ்ப்பாசனத்தில் நின்ற சம்பாப் பயிர் மூழ்கியது. அடுத்த சனவரித் திங்கள் 26ஆம் நாள் கிராம சபை கூடியது. குடியரசின் சிறப்பைப் பற்றிச் சிலர் பேசினர். இரண்டு மா நிலத்தைக் குத்தகைக்கு உழும் மூதாட்டி ஒருத்தி எழுந்து, மதகிற்கு எத்தனை மூட்டைச் சிமிட்டி போட்டீர்கள் என்று கேட்டாள். கணக்கு ஒன்றிய அலுவலகத்தில் உள்ளது என்றார் எழுத்தர். “போய் எடுத்து வாருங்கள் ஐயா, வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன்” என்றாள். சிலர் சிரித்தனர். அவள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அவ்வாண்டு வீட்டுவரி கட்டிய பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டி, “இது என் கணக்கு, உங்கள் கணக்கைக் காட்டுங்கள்” என்றாள். சிரித்தவர்கள் அடங்கினர். அவளருகே இருந்த பெண்களும் எழாது அமர்ந்துவிட்டனர்.

கணக்கு அன்று வரவில்லை. மே முதல் நாள் கூடிய சபையில் வந்தது. அதில் எழுதியிருந்த மூட்டைகளைக் கேட்டு, அவ்வூர்க் கொத்தனார் ஒருவர், அவ்வளவு சிமிட்டியைக் கொட்டியிருந்தால் இரண்டு மதகுகள் கட்டியிருக்கலாம் என்றார். அதன்பின் நடந்த விசாரணையை விரித்தல் வேண்டா. ஒப்பந்தக்காரர் தம் செலவில் மதகை மீண்டும் கட்டினார். கட்டுகையில் அம்மூதாட்டி நாள்தோறும் கரையில் வந்து அமர்ந்து, இறக்கிய மூட்டைகளுக்கு ஒரு கூழாங்கல் வீதம் எண்ணி வைத்தாள். அவ்வாண்டு ஐப்பசியில் மழை முன்னையினும் மிகுதியாகப் பெய்தது. மதகு நின்றது.